ஓலையைக் கொடுத்தோம், 60 வருஷம் குறைத்துத் தந்தார்கள்

12,000 ரூபாய் கொடுத்து எங்கள் குடும்பப் பெருமையில் 60 வருஷத்தைக் கழித்துக்கொண்டு மலை இறங்கினோம். அண்ணனுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கு முழுத் திருப்தி. கொடைக்கானலில் குடும்ப வரலாறு தேடித் தரும் இந்தச் சின்ன நிலையத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் வத்தலக்குண்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பூர்வீகம் மலைமேல், பண்ணைக்காட்டுப் பக்கம். அதற்கும் முன்னால் விருப்பாட்சி என்று அப்பா சொல்வார். அந்த "அதற்கும் முன்னால்" எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்கத்தான் போனோம்.

நிலையம் என்பது பெரிய வார்த்தை. ஏரியிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில், பழைய ஓட்டு வீட்டின் முன்னறை. கணவன், மனைவி இரண்டே பேர். அவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர், அந்தம்மா நூலகராக இருந்தவர். குறைகளையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. கொடைக்கானல்காரர்களுக்கு இவ்வளவு சொன்னாலே தெரிந்துவிடும்.

கட்டணம் மூன்று வகை. ஓலையோ பழைய பத்திரமோ ஒன்றைப் படித்துத் தேதி மட்டும் பார்த்துச் சொல்ல 2,500. ஊருக்கு வந்து பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்து, ஆவணங்களோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதித் தர 12,000. சுவரில் மாட்டும் வம்சாவளிப் படம் தனியாக 1,800. நாங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுத்தோம். மூன்றாவது அண்ணனின் ஆசை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். விருப்பாட்சி பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் எங்கள் முன்னோர் ஒருவர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சிவகங்கையை இழந்த வேலுநாச்சியார் 8 வருஷம் விருப்பாட்சியில்தான் அடைக்கலம் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கோபால நாயக்கர் பின்னால் திண்டுக்கல் பகுதிப் பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனிக்கு எதிராக எழுந்தார். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கையும் அந்தக் கிளர்ச்சியைச் சேர்ந்ததுதான். கோபால நாயக்கரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். பொதுவாகச் சொல்லப்படும் தேதி 1801 செப்டம்பர் 5. மருது சகோதரர்களை அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆள் மட்டும் எப்படியோ தப்பி, ராத்திரியோடு ராத்திரியாக மலையேறிவிட்டார். அப்படித்தான் கதை.

இதற்குச் சாட்சி, பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கும் ஓர் ஓலை. சரஸ்வதி பூஜையன்று வெளியே வரும், பொட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும். மலைத் தோட்டம் ஒன்றை எங்கள் ஆள் பெயரில் ஒத்திக்கு வாங்கிய சீட்டு அது. ஓர் ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. தேதி மட்டும் தெளிவாக இருக்கிறது: துன்மதி வருஷம், ஆவணி மாதம் 26, சோமவாரம், பூர்வபட்சம். அதாவது திங்கட்கிழமை, வளர்பிறை. திதி இருந்த இடத்தில் ஓட்டை.

துன்மதி என்றால் 1801. சித்தப்பா இதை ஒரு ஜோதிட நண்பரிடம் கொடுத்துக் கணக்குப் பார்த்தார். 1801-ஆம் வருஷத்து ஆவணி 26 என்பது செப்டம்பர் 8 என்று வந்தது. நாயக்கரைத் தூக்கில் போட்ட மூன்றாம் நாள்! அன்றைக்குச் சித்தப்பா வீட்டில் கேசரி கிளறினார்கள். அண்ணன் தன் பேத்தியின் காதணி விழா அழைப்பிதழில் "1801 விடுதலைப் போர் வழிவந்த" என்று ஒரு வரியே சேர்த்து அச்சடித்துவிட்டார். எனக்குத்தான் உறுத்தல். தலைவரைத் தூக்கில் போட்ட மூன்றாம் நாள், கம்பெனி சிப்பாய்கள் காட்டைச் சலித்துக்கொண்டிருக்கும்போது, உயிருக்குத் தப்பி ஓடுகிற மனுஷன் சாட்சிக் கையெழுத்தெல்லாம் வாங்கி நிதானமாக ஒத்திச் சீட்டா எழுதிக்கொள்வான்?

அந்த முன்னறையில் முதலில் நடந்தது ஓலைக்கு வைத்தியம். எங்கள் பொட்டுகளைப் பார்த்து அந்தம்மா ஒரு பெருமூச்சு விட்டார். பஞ்சும் புல்தைலமும் வைத்து மெதுவாகத் துடைத்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஓலையைச் சாய்த்துப் பிடித்து, வரிவரியாகப் படித்து, நோட்டில் எழுதி, எங்களையும் படிக்கச் சொன்னார். தெரியாத எழுத்தைத் தெரியாது என்றே எழுதினார். ஊகத்தைப் பென்சிலில் எழுதினார். இந்தப் பென்சில் பழக்கத்துக்காகவே 2,500 கொடுக்கலாம்.

பிறகு அந்த நில அளவைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், உங்க வீட்ல பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற வழக்கம் உண்டுங்களா?"

எங்கள் வீட்டில் மட்டுமா, ஊர் முழுக்க அப்படித்தான். அவர் சொன்ன கணக்கு இதுவரை எனக்குத் தோன்றாத ஒன்று. இரண்டு தலைமுறை என்றால் சுமார் 60 வருஷம். நம் வருஷப் பெயர்களும் 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். ஆகவே 1801 துன்மதியில் ஒரு பெயர் இருந்தால், 1861 துன்மதியில் அதே ஊரில், அதே வீட்டில், அதே பெயரில் பேரன் ஒருவன் இருப்பான். 1921-இல் அவனுடைய பேரன். வருஷப் பெயரையும் ஆள் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தமிழ்க் குடும்பமும் தன் வரலாற்றை 60 வருஷம் முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், யாரும் கேட்க முடியாது. நம் ஊரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கட்டபொம்மன் காலம், மருது காலம் என்று சொல்லிக்கொள்வதில் எத்தனை இந்த வகையோ!

இதிலிருந்து மீள வழி கிழமையும் நிலவும்தான். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911-இல் வெளியிட்ட அட்டவணைகளை அவர் எடுத்து வைத்தார். கல்வெட்டுக்காரர்கள் தேதி பார்க்கப் பயன்படுத்துகிற கணக்கு அது. வந்த விடை: ஆவணி 26 என்பது 1801-இல் செப்டம்பர் 8, செவ்வாய். 1861-இல் செப்டம்பர் 9, திங்கள். 1921-இல் செப்டம்பர் 10, சனி. ஓலையில் இருப்பது சோமவாரம்.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? அங்கேயே பேனாவை வாங்கினேன். 1801-லிருந்து 1861-க்கு 60 வருஷம், நடுவில் 15 லீப் நாள், மொத்தம் 21,915 நாள். 7-ஆல் வகுத்தால் மீதி 5. செவ்வாயோடு ஐந்து கூட்டினால் ஞாயிறு. அது செப்டம்பர் 8. நம் சூரிய வருஷம் ஆங்கில வருஷத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய 60 வருஷத்துக்கு ஒரு நாள் நழுவும். அதனால் ஆவணி 26 செப்டம்பர் 9-க்கு நகர்கிறது. திங்கள். சரியாக இருக்கிறது. 1921-க்கும் போட்டேன். 1900 லீப் வருஷம் இல்லை என்பதை மறக்காவிட்டால் அதுவும் சரியாக வரும்.

அண்ணன் விடவில்லை. "ஒரு நாள்தானே வித்தியாசம்? எழுதினவன் தேதியைத் தப்பா போட்டிருப்பான்." நியாயமான கேள்விதான். மாதப் பிறப்பு எந்த நாளில் என்பதிலேயே ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். தமிழ்நாட்டில் சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றைக்கே முதல் தேதி, பின்னால் என்றால் மறுநாள். மலையாளத்தில் வேறு கணக்கு. ஆகவே ஒரு நாள் பிசகை வைத்து அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, நிலவுக்குப் போனார். 1801 செப்டம்பர் 8 அமாவாசை. செவ்வாயை எடுத்தாலும் முதல் நாள் திங்களை எடுத்தாலும் பூர்வபட்சம் என்று எழுதவே முடியாது. 1861 செப்டம்பர் 9 நல்ல வளர்பிறை, விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாள். ஒத்திச் சீட்டு எழுத யாரும் விரும்புகிற நாள்.

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அண்ணன் டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

அறிக்கையில் இதை அவர்கள் எழுதியிருக்கும் விதத்தை நான் மெச்சுகிறேன். இந்த ஓலை 1861-ஐச் சேர்ந்தது, அந்த வருஷம் உங்கள் முன்னோர் மலையில் தோட்டம் ஒத்திக்கு எடுக்கும் நிலையில் இருந்தார், விருப்பாட்சித் தொடர்புக்கு இந்த ஓலை சான்று ஆகாது, அந்தத் தொடர்பை இது மறுக்கவும் இல்லை. அவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளருக்குப் பிடிக்காததை எழுதிக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். கிளர்ச்சிக்காலத்துக் கம்பெனிக் கடிதங்களைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே போவதற்கு ஆள் வேறு, செலவு வேறு என்றும் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் அதற்கும் பணம் பிடுங்கப் பார்க்கவில்லை.

12,000-க்குள் ஒரு காலை நடையும் அடக்கம். நில அளவைக்காரர் வானியல் ஆய்வகம் இருக்கும் குன்றுப் பக்கம் கூட்டிப்போய், வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். மூட்டுவலிக்காரர்கள் ஆட்டோவில் போகலாம். நான் நடந்தேன். அந்தப் பேச்சுதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் சிறந்த பகுதி, கொஞ்சம் உப்புக் காரம் கூட்டிச் சொல்கிறார் என்றாலும்.

1792 என்ற ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டார். அந்த மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இழந்த பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. விருப்பாட்சியும் இந்தப் பழனி மலையும் கம்பெனிக் கணக்குக்குள் போனது அப்படித்தான். அதே வருஷம் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்கிற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக வைத்திருந்த ஆய்வகம்தான் அதற்கு மூலம். நுங்கம்பாக்கத்துக் கட்டடத்தை அமைத்தவர் மைக்கேல் டாப்பிங். அங்கே தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அதே 1792 ஜூனில் பாரிஸில் ஒரு கணித மேதை எழுந்து, அரசு அலுவலகங்களில் இருக்கும் பிரபுக்களின் வம்சாவளிக் காகிதங்களையெல்லாம் கொளுத்துங்கள் என்று சட்டமன்றத்தில் முன்மொழிந்தார். கோந்தோர்சே! தேர்தல் கணக்கில் வருகிற அதே கோந்தோர்சே. தீர்மானமும் நிறைவேறியது, கொளுத்தவும் செய்தார்கள்.

ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டேன். 1781-இல் பிரெஞ்சு ராணுவத்தில் ஓர் உத்தரவு வந்ததாம். நேரடியாக அதிகாரி ஆக வேண்டுமானால் நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். வம்சாவளி தெரிந்தவனுக்கு வேலை, கணக்குத் தெரிந்தவன் வெளியே நிற்க வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? குடும்ப மரம் வரைந்து பிழைக்கிற ஒருவர் அந்தக் கொளுத்தலை இவ்வளவு ரசித்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஜான் வாரனுக்கு வந்தார். அயர்லாந்து வேர் கொண்ட பிரெஞ்சுப் பிரபுக் குடும்பம். புரட்சி வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் ஆங்கிலேயரின் 33-ஆம் படைப்பிரிவில் சேர்ந்து 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்கு வந்தவர். இந்தியாவையே முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய லாம்ப்டனும் அதே படைப்பிரிவு. வாரன் அவருக்குத் துணையாக அளவை வேலை பார்த்தார். அந்த முக்கோணங்களுக்கு அடிப்படையான நேர்கோட்டின் நீளத்தை லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10. பினாங்குக் கப்பல் போய் இரண்டே மாதம். ஆளை அடக்கிய கையோடு நிலத்தை அளக்க வந்துவிட்டார்கள் என்று, தானும் அளவைத்துறை ஆள் என்பதை மறந்துவிட்டு அவர் கோபப்பட்டார்.

வாரன் 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைப் பார்த்துக்கொண்டார். 1807-இல் வந்த பெரிய வால்நட்சத்திரத்தைக் கவனித்துக் குறித்தார். பிரான்சில் மன்னராட்சி திரும்பியதும் ஊருக்குப் போய்க் குடும்பத்தின் பிரபு பட்டத்தை மீட்டுக்கொண்டார். ஆனாலும் மனசு அங்கே ஒட்டவில்லை போல. திரும்பி வந்து புதுச்சேரியில் வாழ்ந்து, 1830-இல் அங்கேயே இறந்தார். புரட்சிக்காரர்கள் தங்கள் நாட்டில் பழைய காலண்டரையே தூக்கிப் போட்டுவிட்டு 1792 செப்டம்பரிலிருந்து ஆண்டு ஒன்று என்று எண்ணியதும், அதை 1806 பிறந்ததும் கைவிட்டதும் வாரன் காலத்தில்தான். அந்த மனுஷன் தன் கடைசிக் காலத்தைச் செலவழித்தது நம் பஞ்சாங்கத்தில். 1825-இல் சென்னையில் வெளிவந்த "காலசங்கலித" என்கிற அவர் நூல், தென்னிந்தியர்கள் நாளையும் மாதத்தையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள், அதை ஆங்கிலத் தேதிக்கு எப்படி மாற்றுவது என்பதைப் பற்றியது. எங்கள் ஓலைக்குச் செய்த அதே வேலை!

அதில் ஓர் இடம் உண்டு. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், காகிதமும் பேனாவும் இல்லாமல், சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1825 மே 31 இரவின் கிரகணம். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. அந்தக் கணக்கில் இருக்கும் சூத்திரம் எத்தனை நூற்றாண்டு பழசு என்று யோசித்தால் 4 நிமிடம் என்பது சாதாரணமில்லை. என் மாணவர்களுக்கு இதை ஒரு நாளும் சொல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டேனே என்று இருந்தது.

மேலே, ஆய்வக மதிலருகே நின்று சொன்னதில் ஒன்றை மட்டும் நான் திருத்த வேண்டும். சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த பழைய ஷெல்டன் கடிகாரத்தை அவர் "கேப்டன் குக் கொண்டுபோன கடிகாரம்" என்றார். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பார்க்கப் போன குக்கின் பயணத்தில் ஷெல்டன் செய்த கடிகாரம் இருந்தது உண்மை. இங்கே இருப்பது அதே கைவேலைக்காரரின் அதே வகைக் கடிகாரம், அதே கடிகாரம் அல்ல. ஓலை விஷயத்தில் ஒரு நாள் பிசகையே விடாதவர் இதில் தாராளமாக இருக்கிறார். சொன்னேன், சிரித்தார். அடுத்த குழுவுக்கும் அப்படியேதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வந்து பதிவு செய்த கதைக்கு வருகிறேன். பண்ணைக்காட்டில் இருக்கும் அத்தைக்குக் காது மந்தம், நினைவு கூர்மை. எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அவரிடம் குடும்ப வரலாறு கேட்டதே இல்லை. அந்தம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரெக்கார்டரை முந்தானை மடிப்பில் வைத்துவிட்டு, மாமியார் பெயர், மாமியாரின் மாமியார் பெயர் என்று பின்னோக்கிப் போனார். அத்தை தயங்கவே இல்லை. யார் எந்த ஊரில் பிறந்தார், எந்த நகையோடு வந்தார், எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது, எல்லாம் வந்தது. நடுவில் சாதாரணமாக ஒன்று சொன்னார். "எங்க பாட்டியோட ஆத்தா வழியெல்லாம் தாது வருசப் பஞ்சத்துல கீழேருந்து ஏறி வந்தவுக. கஞ்சிக்கு ஏறி வந்தவுக."

தாது வருஷம் என்றால் 1876. இந்த ஒரு வருஷப் பெயருக்கு 60 வருஷக் குழப்பம் கிடையாது. அந்தப் பஞ்சம் அப்படிப் பதிந்துவிட்டது. இதைக் கேட்டதும் நில அளவைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொடைக்கானல் ஆய்வகம் வந்ததற்கும் அந்தப் பஞ்சம்தான் காரணங்களில் ஒன்று என்றார். மழை ஏன் பொய்த்தது, சூரியனில் தோன்றும் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கத் தொடங்கியவர்கள், சூரியனையே நாள்தோறும் பார்க்க உயரமான, தெளிந்த வானமுள்ள இடம் தேடினார்கள். சென்னை வானாய்வகத்தின் வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் வேலை சென்னையிலிருந்து இங்கே மாறியது. 1909-இல் எவர்ஷெட் என்கிற வானியலாளர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். ஆக, அத்தையின் கொள்ளுப்பாட்டியும் ஆய்வகமும் ஒரே பஞ்சத்தில் மலையேறியவர்கள். 1801-ஐவிட எனக்கு இதில்தான் பெருமை. அண்ணனிடம் சொன்னேன். கஞ்சிக்கு வந்ததை அழைப்பிதழில் போட முடியுமா என்றார்.

இப்போது குறைகள். அந்த 1,800 ரூபாய்ப் படம் சுத்த வீண். மேலே இரண்டு சிங்கம், நடுவில் கிரீடம், கீழே சுருள் நாடா. யார் வீட்டு முத்திரை இது என்று கேட்டால், "அது டிசைனோட வர்றதுங்க" என்கிறார்கள். வம்சாவளிக் காகிதம் எரிந்த கதையைக் காலையில் அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு மத்தியானம் கிரீடம் விற்கிறார்கள். அதைவிட மோசம், அவர்கள் வைத்திருக்கும் வார்ப்பில் பெண்களுக்கு அப்பா வீடு கிடையாது. ஆண் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மனைவி, அதோடு கிளை முடிந்தது. மகள்கள் கல்யாணம் ஆனதும் மரத்திலிருந்தே உதிர்ந்துவிடுகிறார்கள். அத்தை ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்ன பெயர்களில் பாதிக்கு மேல் படத்தில் இல்லை. நான் பிடிவாதம் பிடித்துத் திருப்பி வரையச் சொன்னேன். கூடுதல் காசு கேட்டார்கள், மறுத்தேன், செய்து கொடுத்தார்கள். இரண்டாவது படத்தில் சிங்கம் இல்லை, பெண்கள் இருக்கிறார்கள், என் பெயரில் ஓர் எழுத்துப்பிழையும் இருக்கிறது.

மேசையில் மரபணுச் சோதனைக் கம்பெனி ஒன்றின் துண்டறிக்கையும் கிடந்தது. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் பூர்வீகம் தெரியுமாம். தூரத்து உறவைக் காட்டலாம், ஆயிரக்கணக்கான வருஷத்து இடப்பெயர்ச்சியைப் பற்றி ஏதாவது சொல்லலாம். நம் ஆள் 1801-இல் விருப்பாட்சியில் இருந்தாரா, ஒத்திச் சீட்டில் கைநாட்டு வைத்தது தாத்தாவா பேரனா என்பதை எந்த எச்சிலும் சொல்லாது. அவர்கள் வற்புறுத்தவில்லை. ஆனாலும் அந்தக் காகிதம் அந்த மேசையில் இருக்க வேண்டியதில்லை.

அறிக்கை சொன்ன தேதிக்கு வரவில்லை. சீசன் நேரத்தில் கொடுத்திருந்தால் இன்னும் இழுத்திருக்கும். ஏப்ரல், மே பக்கமே போகாதீர்கள். மலைப்பாதை நெரிசலில் பாதி நாள் போய்விடும், அவரும் நடைக் குழுக்களோடு அலைந்துகொண்டிருப்பார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓலையையோ பத்திரத்தையோ அசலாகக் கொண்டுபோங்கள், போன் படத்தில் கீறல் தெரியாது. கிளம்புவதற்கு முன் மஞ்சள் பூசாதீர்கள், யூகலிப்டஸ் தைலம் தேய்க்காதீர்கள். கொடைக்கானல் போகிறோமே என்று ஒருவர் தேய்த்தே கொண்டுவந்தாராம். தேதியில் கிழமை, பட்சம், நட்சத்திரம் எது இருந்தாலும் ஓர் எழுத்துக்கூட விடாமல் சொல்லுங்கள். வீட்டில் வயதான பெண்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஓலை காத்திருக்கும். ஆய்வகத்தை உள்ளே பார்க்க விரும்பினால் பார்வை நேரத்தைத் தனியாக விசாரித்துக்கொண்டு போங்கள், இவர்கள் நடை மதில் வரைதான். படம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றால் பெண்களின் பிறந்த வீட்டுக் கிளையோடு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா இப்போது 1861-ஐ ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்த ஒத்தியை வாங்கியவருடைய தாத்தாவுக்கும் அதே பெயர்தானே, அவர் 1801-இல் எங்கே இருந்தார் என்று எழும்பூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்கிறார். செலவில் பாதியை அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.